கல்லின் பின்பக்கம்

போன கிழமை சின்னவள் யூனிவேர்சிற்றிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, எத்னிக் ஒரிஜின் எண்டு கேக்குது. ஸ்ரீலங்கன் எண்டு போடவா, தமிழ் எண்டு போடவா? வட்எவர், சேம் திங் தானே?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள். அதனால் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கல்லில் எழுத்து வெட்டிய அளவுக்குப் பேப்பரில் எழுதிப் பழக்கமில்லை.

1. "இது அவளின்ர கல் இல்லை"

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தது உங்களுக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே ஒரு கிழவர் வந்தார். பெயர் யான். வயது எண்பத்தொன்பது. மகன் ரொபேர்ட் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். யானின் மனைவி மார்த்தா செத்து எட்டு மாதம். கல் முடிந்து வாசலில் நின்றது. சனிக்கிழமை சேமக்காலையில், அவளைப் புதைத்த இடத்தில் அதை நாட்டி, பாதிரியார் வந்து மந்திரிக்க வேண்டும். சொந்தக்காரர் எல்லாரும் தூரத்திலிருந்து வருகிறார்கள்.

அவர்களுடைய வழக்கப்படி கல்லில் இரண்டு பெயரும் இருந்தன. இடது பக்கம் மார்த்தா, பிறந்த வருடம், இறந்த வருடம். வலது பக்கம் யான், பிறந்த வருடம், ஒரு கோடு, பிறகு வெறுமை. மேலே சிறகு விரித்த போலந்துக் கழுகு. கீழே போலிஷ் மொழியில், அமைதியில் உறங்குக என்று ஒரு வரி.

கிழவர் தன் பெயரைத் தடவினார். மனைவியின் பெயரைத் தடவினார். கழுகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது அவளின்ர கல் இல்லை."

அவர் பேசியது ஆங்கிலம். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"டாட், பெயர் சரிதானே? வருசம் சரிதானே?" என்றார் ரொபேர்ட்.

"பெயர் சரி. ஆள் பிழை."

2. இந்தியா என்ற போல்டர்

அந்தப் பிழை எப்படி வந்தது என்று சொல்ல, என் முதல் வருடத்துக்குப் போகவேண்டும்.

எங்கள் முதலாளி மாரியோ. வட இத்தாலிக்காரர். வாய் கரடுமுரடு, கை சுத்தம். அவருடைய கொம்பியூட்டரில் நாட்டுக்கு ஒரு போல்டர் இருந்தது. இத்தாலி, போலந்து, போர்த்துக்கல், உக்ரைன். ஒவ்வொன்றிலும் அந்த நாட்டுச் சின்னம், எழுத்து, கல்லில் வழமையாகப் போடும் வசனம். ஓடர் வந்தால் போல்டரைத் திறந்து எடுத்து, ரப்பர் ஸ்ரென்சில் வெட்டிக் கல்லில் ஒட்டி, மணலை அடிப்போம். மணல் பட்ட இடம் குழியும். பிழை என்றாலும் குழிந்தது குழிந்ததுதான்.

முதல் தமிழ்க் கல் வந்தபோது, மன்னார் அண்ணை ஒருவரின் தாயாருடையது, மாரியோ அந்த எழுத்துகளை "இந்தியா" என்று ஒரு போல்டர் திறந்து அதற்குள் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாங்கள் இந்தியா இல்லை."

"அப்ப ஸ்ரீலங்கா எண்டு மாத்தட்டோ?"

"வேண்டாம். தமிழ் எண்டு போடுங்கோ."

"தமிழ் எந்த நாட்டில கிடக்கு?"

எனக்கு ஒரு படிவம் ஞாபகம் வந்தது. ரொறன்ரோ எயார்போட்டில் வந்து இறங்கிய அன்று ஒரு அதிகாரி என் படிவத்தில் ஸ்ரீலங்கன் என்று எழுதினார். நான் எதற்காக ஓடி வந்தேனோ, அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மாரியோ என் முகத்தைப் பார்த்தார். பிறகு "சரியடாப்பா, அழாத" என்று தமிழ் என்றே பெயர் வைத்தார். போர்த்துக்கலுக்கும் உக்ரைனுக்கும் இடையில், நாடு இல்லாத ஒரே போல்டர் அது. பல வருடம் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்படிப்பட்ட நான்தான் மார்த்தாவின் ஓடரை எடுத்தேன். ரொபேர்ட் சின்னத்துக்கான இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். கேட்டதற்கு, "வழமையா என்ன போடுவீங்களோ அதைப் போடுங்கோ" என்றார். நான் அவர்கள் பிறந்த ஊரின் பெயரை வரைபடத்தில் தேடினேன். போலந்தில் இருந்தது. குடும்பப் பெயரும் போலிஷ் மாதிரி இருந்தது. போல்டரைத் திறந்தேன். ரொபேர்ட் கல்லின் மாதிரிப் படத்தைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். கிழவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

3. எழுதினவர்கள்

"நீங்கள் போலந்து இல்லையோ?" என்று அந்தச் செவ்வாய்க்கிழமை கிழவரிடம் கேட்டேன்.

"கஷூபு" என்றார்.

நான் அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டதில்லை. ரொபேர்ட் கேட்டிருந்தார். ஆனால் அது ஏதோ ஊர்ப் பக்கத்தின் பெயர் என்று நினைத்திருந்தாராம்.

கிழவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். மெல்ல மெல்லச் சொன்னார். போலந்தின் வடக்கே, பால்டிக் கடற்கரையில் இருக்கும் பழைய இனம் அவர்களுடையது. முன்னொரு காலத்தில் அந்தக் கரை முழுக்க மேற்கே வெகுதூரம் வரைக்கும் இதே மாதிரிப் பேசிய குலங்கள் இருந்தன. ஒவ்வொன்றாக ஜெர்மன் பேச்சுக்குள் கரைந்து போயின. ஊர்ப் பெயர்கள் மட்டும் மிச்சம். கரையாமல் நின்றது இவர்கள் பேச்சு.

"என்ர அப்பா பிறக்கேக்க ஜெர்மன் எண்டு எழுதினாங்கள். நான் பிறக்கேக்க போலிஷ் எண்டு எழுதினாங்கள். ரெண்டாம் உலகச் சண்டைக்க திரும்ப ஜெர்மன் எண்டு எழுதி என்ர தமையனைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாங்கள். அவன் வரேல்லை. நாங்கள் வீடு மாறேல்லை, தம்பி. எழுதினவங்கள்தான் மாறினாங்கள்."

"போலிஷ்காரரோட கோவமோ?" என்றார் மாரியோ.

"கோவமில்லை. நான் செபம் சொல்லுறதே போலிஷிலதான். என்ர மச்சான் ஒருத்தன் நான் கஷூபு, நான் போலிஷ், ரெண்டும்தான் எண்டு நெஞ்சில அடிச்சுச் சொல்லுவான். அது அவன்ர விருப்பம். மார்த்தா அப்பிடிச் சொல்லேல்லை. வீட்டுப் பாஷை கதைச்சதுக்குப் பள்ளிக்கூடத்தில அடி வாங்கினவள். சாகும்வரைக்கும் என்னோட அதிலதான் கதைச்சவள்."

"எனக்கேன் டாட் இதொண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டார் ரொபேர்ட். அவருக்கும் அறுபது வயது இருக்கும்.

"நீ இங்கிலீசில கேட்டாய். சாப்பிட்டியோ, படிச்சியோ எண்டதுதான் அப்ப எனக்கு இங்கிலீசில வந்தது." பிறகு என்னைப் பார்த்தார். "அவள் இனிச் சொல்லமாட்டாள். நான் இன்னும் உயிரோட நிக்கிறன். அதால சொல்லுறன். இந்தக் கழுகுக்குக் கீழ அவளை விட்டுட்டு நான் போகமாட்டன்."

பிழை என்னுடையது என்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்லுகிறேன்.

மாரியோ கல்லைச் சுற்றி நடந்தார். "முன்பக்கத்தைத் தேய்ச்சு எடுக்கக் காலம் காணாது. கல்லைத் திருப்புவம். பின்பக்கத்தை மினுக்கிப் புதுசா வெட்டு. மூண்டு நாள் இருக்கு. கோடையில வந்து கழுகைத் தேய்ச்சு விடலாம்."

என்ன எழுதுவது என்று கிழவரிடம் கேட்டேன். இந்த முறை அவரிடமே கேட்டேன். மார்த்தா வேலைக்கு வெளிக்கிடும்போது கதவடியில் நின்று ஒன்று சொல்லுவாராம். போகிறவர் இருப்பவர்களுக்குச் சொல்வது: "கடவுளோட இருங்கோ." அதை அவர்கள் பேச்சில் சொன்னார். எழுதத் தெரியவில்லை. அவர் படித்த பள்ளிக்கூடங்கள் அதை எழுதப் பழக்கவில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்குப் பக்கத்தில், நூறு வருடத்துக்கும் முன்னர் வந்து குடியேறிய கஷூபுக்காரர் ஊர் ஒன்றில் இருந்த உறவுக்காரிக்கு ரொபேர்ட் போன் எடுத்து, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். நான் வெட்டினேன். கழுகு இருந்த இடத்துக்கு அவர்களுடைய சின்னம், சிங்க உடம்பும் கழுகுத் தலையும் உள்ள ஒரு மிருகம். வெள்ளி பின்னேரம் கிழவர் வந்து எல்லாவற்றையும் தடவினார். இந்த முறை கை நிற்கவில்லை.

"பின்பக்கத்துக் கழுகைக் கோடையில எடுத்துவிடுறன்" என்றேன்.

"வேண்டாம். விடு. இந்தப் பக்கம் நாங்கள் சொன்னது. அந்தப் பக்கம் மற்றவங்கள் எழுதினது. ரெண்டும் நடந்ததுதானே."

4. கோட்டுக்குப் பிறகு

இரண்டு மாரிகாலம் கழித்து யானும் போனார். கோட்டுக்குப் பிறகு இருந்த வெறுமையில் வருடத்தை வெட்ட மெசினைக் கொண்டு நான்தான் சேமக்காலைக்குப் போனேன். ரொபேர்ட் தன் பேத்தியோடு நின்றார். பிள்ளை கல்லைச் சுற்றி ஓடிப் பின்பக்கத்துக் கழுகைக் கண்டு, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டது. ரொபேர்ட் குந்தியிருந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் மெசினை நிற்பாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

அதன் பிறகு எங்கள் ஓடர் படிவத்தில் முதல் கேள்வியை நான் மாற்றினேன். எந்த நாடு என்று இருந்ததை எடுத்துவிட்டு, இறந்தவர் தன்னை என்ன என்று சொல்லுவார் என்று போட்டேன். மாரியோ வாசித்துவிட்டு நூறு கொப்பி அடித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் எங்கள் கவுண்டரில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லாமல் போன பிறகுதான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

சின்னவளே, அந்தக் கட்டத்தை நீதான் நிரப்ப வேண்டும். நான் எழுதித் தரமாட்டேன். ஆனால் நான் இன்னும் உயிரோடு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். படிவத்தை எடுத்துக்கொண்டு வா.