மூச்சை விட்டுத் தூக்கு

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலும் தையல், உடம்பும் அப்படி. ஐம்பது தாண்டியும், பலமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் அக்காவே கேலி பேசுவாள். வம்சமே அப்படித்தான். அப்பா துணி வெட்டுகிறவர், பெரியப்பா பட்டனுக்குக் காஜா எடுக்கிறவர், அத்தை ஒருத்தி கைத்தையலிலேயே மூன்று பெண்களைக் கரையேற்றியவள். உட்கார்ந்தே பிழைத்த குடும்பம். இஸ்திரிப் பெட்டிக்கு மேல் கனமான எதையும் தூக்கியவர் அந்த வழியில் கிடையாது.

அப்பா பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே ஒரு பழக்கத்தைச் சொத்தாக வைத்துவிட்டுப் போனார். கத்தரி ஓடும்போது மூச்சை அடக்க வேண்டும். "மூச்சு ஆடினா கோடு ஆடும்" என்பார். மூத்தவன் பின்னால் தொழிலை விட்டுப் பூட்டுக் கடை வைத்துவிட்டான். ஆனாலும் பூட்டுக்குள் சாவியை விட்டுத் திருப்பும்போது இன்றைக்கும் மூச்சை அடக்கித்தான் திருப்புவான்.

ஊசியைக் கட்டிக்கொண்டவர் கண்ணை மூடிய மறுவாரமே வந்து கூட்டிப்போனவள் அக்கா. "என் வீட்ல ஒரு மெஷின் சும்மா கிடக்கு, வா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து மாடியில் இரண்டு அறை. முன்னறையில் இரண்டு மெஷின், பின்னறையில் இரண்டு கட்டில். அக்காவின் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன பிறகு அவள் மெஷினை மிதிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பட்டன் கட்டுவாள், வாயால் வீட்டை நடத்துவாள்.

போன வருஷம் ஒருநாள் காலையில் குளியலறை வாசலில் அக்கா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்பு தப்பியது. ஆனால் எழுப்ப முடியவில்லை. ஊசி முன்னால் நின்று இழுத்துப் பார்த்தாள், பின்னால் போய் முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் மிச்சம். கீழே மரப்பட்டறை. அங்கிருந்து இரண்டு ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். நல்ல மனுஷர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார்கள். இருந்தாலும் நனைந்த நைட்டியோடு கட்டிலுக்குப் போன அக்கா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டவள்தான், சாயங்காலம் வரை விலக்கவில்லை. ஓயாத வாய் ஓய்ந்ததைப் பார்த்து ஊசி அன்றைக்கு மெஷினில் உட்காரவே இல்லை.

சேதி கேட்டு அண்ணன் வந்தான். அவனுக்கும் தங்கைகள் மேல் உயிர்தான். அந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தாலே கல்லாவை விட்டு எழுந்துவிடுவான்.

"இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் பேச்சே கிடையாது. முதியோர் இல்லத்துல விட்டுடலாம். அங்க தூக்க ஆள் இருக்கு" என்றான்.

"நான் இருக்கேனே, அண்ணா."

"நீயா? உன்னையே ஒருத்தர் தூக்கணும்."

அடுத்த தெருவில் ஒரு ஜிம் இருந்தது. ஊசி அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாளே தவிர உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஒருநாள் தைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, யோசித்தால் போகமாட்டோம் என்று அப்படியே போய்விட்டாள். உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி. இரும்பு மோதும் சத்தம். பயிற்சி கொடுக்கிற பெண் இவளை மேலும் கீழும் பார்த்து, "வாங்கம்மா, டி-ஷர்ட்டுக்கு அளவு எடுக்க வந்தீங்களா?" என்றாள்.

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது!

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, நாடாவை உருவி, கதவு மாதிரி நின்ற இரண்டு பேருக்குத் கழுத்தும் மார்பும் அளந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். கேட்டுவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்தது.

"ஏண்டி, கனத்தைத் தூக்கப் போனவ கழுத்தளவோட திரும்பிட்டியா?"

அக்கா சிரித்தாளே, அது போதும் என்று இருந்தது ஊசிக்கு. மறுநாள் நாடாவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

"என்னம்மா, மறுபடியும் அளவா? அந்த ரெண்டு பேரும் சட்டை எப்ப வரும்னு கேட்கிறாங்க."

"நேத்து பொய் சொல்லிட்டேம்மா. எங்க அக்காவைத் தூக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா எவ்வளவு எடை இருப்பாங்க?"

"வாயைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

முதலில் கையில் கொடுத்தது வெறும் குச்சி. அதை வைத்துக்கொண்டு குனிந்து நிமிரச் சொன்னாள். "முதுகை வளைக்காதீங்க. ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, பின்னால கதவு திறந்திருக்கு, இடுப்பால தள்ளிச் சாத்துவீங்கல்ல? அப்படி." அது ஊசிக்குப் புரிந்தது. துணி மூட்டையோடு வந்து தினமும் சாத்துகிற கதவுதானே. ஆனால் மறுநாள் காலையில் தொடை இரண்டும் அவளுடையதாகவே இல்லை. மெஷின் மிதிக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

"என்னைத் தூக்கப் போறவளை யாருடி தூக்கறது?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

குச்சி போய்ச் சின்ன டம்பெல் வந்தது. டம்பெல் போய்க் கம்பி வந்தது. கம்பியின் இரண்டு பக்கமும் எடைத் தட்டு ஏறியது. ஓரளவு கனம் வரைக்கும் ஊசி நன்றாகத்தான் தூக்கினாள். அதற்கு மேல் காது அடைக்கும், கண் இருட்டும், கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். நம் உடம்பு இவ்வளவுதான் போலிருக்கிறது என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

பயிற்சிக்காரப் பெண் ஒருநாள் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். "அம்மா, நீங்க மூச்சே விடலையே!"

கத்தரிப் பழக்கம்! கையில் எது கனமாக ஏறினாலும் அப்பா வந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். ஊது என்றாலும் வரவில்லை, வாய்விட்டு எண்ணு என்றாலும் மனசுக்குள்தான் எண்ணினாள். கடைசியில் அந்தப் பெண், கம்பி தரையை விட்டுக் கிளம்புகிற நேரம் பார்த்து, "இன்னைக்கு அக்கா என்ன திட்டினாங்க?" என்று கேட்டுவைத்தாள்.

"அதை ஏன் கேட்கிற, காலர் கோணல்னு காலையிலேயே..." என்று ஊசி ஆரம்பித்தாள். கம்பி மேலே வந்துவிட்டது. பேசுகிறவள் மூச்சை அடக்க முடியுமா?

அன்றிலிருந்து வீட்டிலும் அதே வைத்தியம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அக்காவை ஏற்றிப் பழகினாள். அக்காவும் அதே அப்பாவின் பிள்ளை, தொட்டதும் மூச்சைப் பிடித்துக் கட்டையாக விறைத்துப்போவாள்.

"பேசிக்கிட்டே வா, அக்கா."

"என்னத்தைப் பேச?"

"திட்டு."

"அதுக்கா பஞ்சம்?"

வெயில் வந்து போய், மழையும் பிடித்தது. ஒருநாள் காலை அதே குளியலறை வாசல், அதே வழுக்கல். ஊசி ஓடினாள். பொய் சொல்வானேன், கீழே பட்டறைக்குக் குரல் கொடுக்க வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அக்கா கையை ஆட்டி, "வேண்டாம்டி" என்றாள்.

ஊசி முதலில் வலி இருக்கிறதா என்று தடவிக் கேட்டாள். இல்லை. முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டு அக்காவின் கைகளை அதில் ஊன்ற வைத்தாள். முழங்காலில் திருப்பி, நல்ல காலை முன்னால் நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்து விலாவோடு அணைத்தாள். இல்லாத கதவை இடுப்பால் சாத்தினாள்.

"திட்டு, அக்கா!"

"கடன்காரி, ஈரத்துணியை வாசல்ல போடாதேன்னு எத்தனை தரம் சொல்..."

சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு பேரும் கட்டிலில் போய் விழுந்து, அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாமல் கிடந்தார்கள். பெருமை பொறுக்காமல் அக்காவே அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "விழுந்துட்டேன், அண்ணா" என்பது வரைக்கும்தான் சொன்னாள். அதற்குள் அவன் ஃபோனை வைத்துவிட்டான். கடையைச் சாத்திவிட்டு, அக்காவின் துணி அடுக்கப் புதுப் பை ஒன்றோடு அரக்கப்பரக்க வந்து நின்றான்.

"நான்தான் தூக்கினேன், அண்ணா" என்றாள் ஊசி.

"பட்டறை ஆளுங்களைக் கேட்டா தெரியுது."

"கேளு, போ!" என்றாள் அக்கா.

அவன் போகவில்லை. "எப்படித் தூக்கினே? இதோ நான் விழுந்துட்டேன்னு வச்சுக்கோ" என்று தரையில் உட்கார்ந்தான். கல்லாவில் உட்கார்ந்தே பெருத்த உடம்பு, ஏற்கெனவே ஒரு தடவை பிடித்த இடுப்பு. உட்கார்ந்த வேகத்தில் 'ஐயோ' என்றான். பரீட்சை வைக்க வந்தவன் நிஜமாகவே எழ முடியாமல் மாட்டிக்கொண்டான். முகம் சிவந்து, வாயை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

ஊசி சிரிக்கவில்லை. முக்காலியைக் கொண்டுவந்தாள், பின்னால் உட்கார்ந்து அணைத்தாள். "மூச்சை விடு, அண்ணா. ஏதாவது பேசு."

"என்... என்னத்தைப் பேச?"

"பையை ஏன் வாங்கினேன்னு சொல்லு."

"பயம்டி! நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கீங்களேன்னு ஒவ்வொரு நாளும்..." என்று அவன் சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தங்கையின் தோளை விடவில்லை. அந்தத் தோளை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். உள்ளே புதிதாக ஏதோ கெட்டியாக இருந்தது.

"கடையில ஷட்டர் ஒண்ணு தூக்க வரலை, வர்றியா?" என்றான்.

போகும்போது பையை எடுக்கப் போனான். "அதை வச்சிட்டுப் போ. வெட்டுத்துணி போட்டுவைக்க ஆகும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, தையல் ஊசியில் நூல் கோக்க மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.