களவெட்டியில் ஆகாத சொல்

போன கிழமை என் மகளின் வகுப்புப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு ஏற்றிப்போன பேருந்து, பொழுது சாய்ந்த பிறகும் திரும்பி வரவில்லை. வழியில் சில்லு வெடித்ததுதான் காரணம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து இறங்கினார்கள். அதுவரை நான் பள்ளிக்கூட வாசற்கதவைப் பிடித்தபடி நின்றேன். காவலாளி இடைக்கிடை வந்து, "இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார். "வரும்" என்றேன். எனக்கு ஏதோ செய்தி கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த "வரும்" என்ற சொல் நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், கட்டைபறிச்சானில் கற்றுக்கொண்டது.

ஓகஸ்ட் விடுமுறையில் விவசாயம் படித்த மாணவர்களை அறுவடை பார்க்கக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. திருகோணமலையிலிருந்து குடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகான லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் கட்டைபறிச்சான் வயலுக்குப் போகவேண்டும். அப்பாவுக்கு வண்டியில் மறுப்பில்லை, லோஞ்சில்தான். அவர் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். நாள் முழுதும் கடலைப் பார்த்தபடி சம்பளம் வாங்கினாரே தவிர, தோணி ஒன்றில் கால் வைத்ததில்லை. இரண்டு நாள் சம்மதம் சொல்லாமல் இழுத்தார். கடைசியில் அம்மாதான், "மற்றப் பிள்ளையளின்ர தகப்பன்மாரும் மனுசர்தானே, அவையள் விடேல்லையோ?" என்று கேட்டு முடித்துவைத்தார்.

மூதூர் இறங்குதுறையில் வண்டி ஏறும்போது ஆசிரியர் எங்களை எச்சரித்தார். கதிர் மிதித்து நெல் தூற்றும் களத்துக்குக் களவெட்டி என்று பெயர். அதற்குள் கால் வைத்தால் வாயை அடக்கவேண்டும்.

"இல்லை, முடிஞ்சுது, போச்சு, காணேல்லை, இதுகள் ஒண்டும் அங்க ஆகாது. சொன்னால் பொலி குறைஞ்சிடும் எண்டு கமக்காரர் நினைப்பினம்."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப ஒண்டுக்குப் போறதெண்டா எப்பிடிச் சேர் சொல்லுறது?"

"வருகுது எண்டு சொல்லு."

வண்டி வயலுக்குப் போய்ச் சேரும்வரை எங்கள் எல்லோருக்கும் வந்துகொண்டே இருந்தது.

களவெட்டியில் கமக்காரர் தலைப்பாகையோடு நின்றார். அப்பாவிலும் இளையவர். கச்சான் காற்றுக்கு எதிரே சுளகை உயர்த்தி நெல்லைச் சரிய விட, பதர் பறந்து எங்கள் தலைமயிரில் ஒட்டியது. ஒவ்வொரு சுளகுக்கும் "பொலி, பொலி" என்று அவருடைய ஆட்கள் குரல் கொடுத்தார்கள். தண்ணீர் கேட்ட என் நண்பனிடம் அவர் சொன்னார்: "குடம் பெருகிட்டுது தம்பி. ஒருக்கா நிறைச்சுக்கொண்டு வா." அவன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு சொட்டும் கிடையாது. எனக்கு அந்த மொழி மிகவும் பிடித்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கோற் போருக்குப் பின்னால் நிழலில் சாய்ந்தேன். சூடான வைக்கோலின் வாசனையில் நித்திரையாகிப் போனேன். முன் வண்டியில் ஏறிய ஆசிரியர் நான் பின் வண்டியில் இருப்பதாக நினைத்தார். பின் வண்டிக்காரர்கள் முன் வண்டியில் என்று நினைத்தார்கள். லோஞ்ச் குடாவின் நடுவுக்கு வந்த பிறகுதான் தலைகள் எண்ணப்பட்டன. அதில் வேறு பயணிகளும் இருந்ததால் திருப்ப முடியவில்லை. இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

நான் கண் விழித்தபோது களத்தில் என் வகுப்பார் ஒருவரும் இல்லை. கமக்காரர் என்னைக் கண்டு சுளகை ஏந்தியபடியே ஒரு கணம் அசையாமல் நின்றார்.

"பிள்ளையள் எல்லாம் போயிட்டினமோ?" என்று கேட்டேன்.

"வருவாங்க மகன்."

"லோஞ்ச்?"

"அதுவும் வரும்."

இதைவிடத் தெளிவான பதில் வேறென்ன வேண்டும்? எல்லோரும் வாய்க்கால் பார்க்கப் போயிருப்பார்கள், திரும்பி வருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் தன் தம்பியை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வரம்போரமாக மூதூர்ப் பக்கம் பறந்தார். எனக்கு ஒரு இளநீர் வெட்டித் தந்தார்கள். பிறகு ஒரு சிறிய சுளகும் தந்தார்கள். நான் தூற்றியதில் நெல்தான் அதிகம் பறந்தது. "தம்பி நிண்டா காக்காய்க்கும் நல்ல பொலிதான்" என்று ஆட்கள் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த நேரத்தில் அப்பா லோஞ்சில் இருந்தார். துறைமுகத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவரிடம் ஆசிரியர் அழாக்குறையாக விஷயத்தைச் சொல்ல, அப்பா நேரே லோஞ்சுக்குள் இறங்கிவிட்டாராம். அதை ஓட்டிய மூதூர் முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "ஐயா இரும்புத் தூணைப் புடிச்ச புடி, மூதூர் வந்தும் விடல்ல. மகன் வயலுக்கதான் இருப்பான், பயப்படாதீங்க எண்டு எத்தின தரம் சொன்னன்."

சேதி சொல்லப் புறப்பட்ட கமக்காரரின் தம்பி வாய்க்கால் கட்டால் போக, அப்பாவும் ஆசிரியரும் தெருவால் வண்டியில் வந்தார்கள். வழியில் சந்திக்கவில்லை.

வெயில் தணிந்த வேளை. நான் வைக்கோற் போருக்குப் பின்னால் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் கேட்டது. வைக்கோலின் விளிம்பால் எட்டிப் பார்த்தேன். களத்தின் ஓரத்தில் ஒரு கையில் சப்பாத்துகளோடு, வாய்க்காலில் இறங்கி வந்ததில் முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு நின்றார். ஆசிரியர் இன்னும் வண்டியடியில்.

"என்ர மகனைக் காணே..."

கமக்காரர் கையை உயர்த்தினார். "களத்தில அந்தச் சொல்லு வேணாம் ஐயா. இருக்கிறான் எண்டு சொல்லுங்க."

அவர் செய்தியைத்தான் சொன்னார், களத்தின் மொழியில். அப்பா கந்தோர் மனிதர். அவருக்கு அது ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்டது, எல்லாம் முடிந்த வீட்டில் சொல்லப்படும் ஆறுதலைப் போல. ஆனாலும் சொன்னார். வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல.

"இருக்கிறான்." பிறகு இன்னொரு தரம், இன்னும் மெல்ல: "என்ர பிள்ளை இருக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிறவனை இருக்கிறான் என்று இவ்வளவு பாடுபட்டுச் சொல்வானேன்?

"ஓம் அப்பா, இருக்கிறன்தானே" என்று சுளகோடு வெளியே வந்தேன். "நீங்கள் ஏன் வந்தனீங்கள்? லோஞ்ச் வரும்தானே."

அடிக்கவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. என் தலையில் ஒட்டியிருந்த பதரை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடிந்த பிறகும் விரல்கள் தேடிக்கொண்டிருந்தன.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

திரும்பும் லோஞ்சில் அவர் நடுவில் உட்கார்ந்தார். இரும்புத் தூணைப் பிடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குடாவில் அலை இருந்தது. அவருடைய பிடி என் எலும்புவரை தெரிந்தது. நகரத்தின் விளக்குகள் தென்படத் தொடங்கியும் பிடி தளரவில்லை, கை வலித்தது. கடலுக்குத்தான் இவ்வளவு பயப்படுகிறார் என்று எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது.

"பயப்படாதீங்க அப்பா" என்றேன், பெரிய மனிதன்போல. "நான் இருக்கிறன்."

"ஓம்" என்றார் அப்பா. முகத்தை மற்றப் பக்கம், கறுத்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். தான் பயப்படும் கடலை இவர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று யோசித்தபடி, அவர் தோளில் சாய்ந்து நான் மறுபடியும் நித்திரையாகிவிட்டேன்.