சிவப்புப் பனியாறு

போன வாரம் கயத்தாறு டீக்கடை டி.வி.யில் ஒரு பனிமலை இடிந்து கடலில் விழுந்தது. மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டுகிற எங்கள் கூட்டம் மொத்தமும் 'ச்சு' கொட்டியது. டீ மாஸ்டர் என்னைக் கை காட்டினார். "ஐஸ் யாவாரி இங்கனதான இருக்காரு. அவருகிட்ட கேளுங்கப்பா."

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தது. ஆனால் டீயில் சீனி கூடிவிட்டது என்று சொல்லவே கூச்சப்படுகிறவன் நான். சும்மா சிரித்துவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் விற்றேன். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். கூவி விற்க எனக்கு வாய் கிடையாது. ஹாரன்தான் என் வாய். அந்த வாசலை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஐஸ் வாங்க ஆள் இல்லை. ஒருநாள் ஹெட்மாஸ்டர் வந்தார். "சாயத்தண்ணியக் குடுத்து பிள்ளைகளுக்கு இருமல் வருது. திங்கக்கிழமையிலருந்து இங்க நிக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே சமூக அறிவியல் டீச்சர் வந்தார்கள். செல்வராணி டீச்சர். "அண்ணாச்சி, எட்டாம் வகுப்புக்குப் பனியாறு நடத்தணும். அடியில சரளைக்கல் வச்சு உறைஞ்ச ஐஸ் பாளம் ஒண்ணு வேணும். பாடம் நல்லா வந்தா உங்களுக்காக சார்கிட்ட நான் பேசுதேன்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பனியாறு எங்கள் வகுப்பு வரைக்கும் வரவில்லை. கரிசலில் கல் கிடைக்காதே, ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த சரளையில் ஒரு பை அள்ளிக்கொண்டு கோவில்பட்டி ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.

"கல்லப் போட்டு ஐஸா? எவம்லே திங்கது?" என்றார் மேஸ்திரி.

"திங்கதுக்கு இல்லண்ணே, படிக்கதுக்கு."

அதோடு விட்டிருக்கலாம். டீச்சருக்குப் போய் வெறும் தண்ணி ஐஸைக் கொடுப்பதா? தொழில்காரனுக்கு ஒரு மானம் இருக்கிறதல்லவா! நல்ல சிவப்புச் சாயமும், இனிப்புக்குக் கை நிறைய சாக்ரினும் போடச் சொன்னேன்.

மறுநாள் உமியும் சாக்குமாகக் கட்டிக்கொண்டு போய் இறக்கினேன். வகுப்பறைக்குப் பின்னால் கரிசல் மண்ணைக் குழைத்துச் சரிவு கட்டி வைத்திருந்தார்கள். சாக்கைப் பிரித்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"பனியாறு ஏன் டீச்சர் செவப்பா இருக்கு?"

"அத விடு. இங்க பாருங்க, மலையில உறைஞ்ச பனி இப்படித்தான் மெதுவா நகரும். வருசம் பூராவும் போனாலும் கொஞ்ச தூரம்தான்."

"எங்க ஊரு பஸ்ஸு மாதிரியா டீச்சர்?"

கயிறு கட்டிப் பாளத்தைச் சரிவில் இழுத்தார்கள். அடியில் இருந்த கற்கள் மண்ணைக் கீறிக்கொண்டே போயின. மண்ணும் கல்லும் முன்னால் குவிந்தன. அந்தக் குவியலுக்கு மொரைன் என்று பெயராம். பாறையில் விழுந்த கீறல் என்றால் ஆயிரக்கணக்கான வருடம் அழியாதாம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பயல் விரலைப் பாளத்தில் தடவி வாயில் வைத்தான். "ஏலே, இனிக்குதுலே!"

பூமியைப் பனி மூடிக் கிடந்த பனியூழி முடிய எத்தனையோ ஆயிரம் வருடம் ஆனதாகக் கொஞ்சம் முன்புதான் டீச்சர் சொல்லியிருந்தார்கள். புதூரில் அது மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கல்லால் உடைத்து, ஆளுக்கொரு துண்டு. டீச்சர் பனியாற்றைக் கைவிட்டுவிட்டார்கள். "கல்ல மட்டும் தொடாதீங்க! அது அங்கனயே கிடக்கட்டும்!" என்று கத்தினார்கள்.

ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். "பனியாறு எங்க டீச்சர்?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிவந்த நாக்கு தெரியும். முத்துலட்சுமி என்ற பிள்ளைதான் துணிந்தது. "உருகிட்டு சார்."

"ஏட்டி, ஒன் நாக்குலயா உருகுச்சு?"

என் வாசல் போயிற்று என்று சைக்கிளைப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தக் கீறல்களைப் பார்த்தார். "இதெல்லாம் என்ன?" முத்துலட்சுமி ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "கல்லு நம்ம ஊர்க் கல்லு இல்ல சார். ஐஸ் கொண்டாந்து போட்டது. ஐஸ் போயிரும், இது போவாது" என்றாள்.

ஹெட்மாஸ்டர் ஒரு கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "சாயம் இல்லாம விக்க முடியாதா ஓய்?"

"வெள்ளையா இருந்தா வாங்க மாட்டாக சார்." என் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"வாசல்ல வேண்டாம். அந்த வேலிக்கருவை மரத்துக்கு அங்கிட்டு நில்லும்."

வாசலுக்கும் வேலிக்கருவைக்கும் இருபது எட்டுதான். பங்குனி வெயிலில் ஹெட்மாஸ்டரே அந்த இருபது எட்டும் நடந்து வருவார். பால் ஐஸ்தான் கேட்பார். அதில் சாயம் இல்லையாம்.

டி.வி. பார்த்த மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். பிள்ளைகள் வேனில் கோவில்பட்டிக்குப் படிக்கப் போகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. கோவில்பட்டி ஐஸ் கம்பெனியும் எப்போதோ கல்யாண மண்டபமாகிவிட்டது. வேலிக்கருவை இல்லை. வருடக்கணக்கில் என் சைக்கிள் ஸ்டாண்டு தோண்டிய குழியைத் தேடினேன். பாறையாக இருந்தால் கிடந்திருக்கும். கரிசலுக்கு ஓர் ஐப்பசி மழை போதும், எல்லாத் தடத்தையும் மூடிவிடும்.

வகுப்பறைக்குப் பின்பக்கம் போய் மண்ணைக் காலால் கிண்டினேன். ஒரு சரளைக்கல் வந்தது. என்னுடையதாக இருக்கலாம், ரோட்டுக்காரர்கள் போட்டதாகவும் இருக்கலாம். எடுக்கக் குனிந்தேன். டீச்சரின் சத்தம் ஞாபகம் வந்தது. அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டேன்.