வாக்கர் என்றால் என்ன ஆக்கள்?

மகள் வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போகிறாள் என்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது உண்மை. எங்கள் சனம் சம்பந்தம் என்றால் முதலில் கேட்பது, "அவை என்ன ஆக்கள்?" என்றுதான். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கிற கேள்வி அது. வெள்ளைக்காரனிடம் அதைக் கேட்க வழியே இல்லை என்று நம்பியிருந்தேன். என் மனுசனைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

போன ஞாயிறு அந்தப் பொடியன் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்தான். தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தேன். இவர் சிரித்துக்கொண்டே, 'வாக்கர்' என்ற அவனுடைய குடும்பப்பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தக் காலத்தில் புதிதாக நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு, காலால் மிதித்துச் சுத்தமாக்கிய தொழிலாளிகளுக்கு வந்த பெயராம். தன் பரம்பரையிலும் யாரோ மிதித்திருப்பார்கள் என்று சொல்லி, எழுந்து நின்று எங்கள் கார்பெட்டில் மிதித்தும் காட்டினான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருடைய சிரிப்பு மட்டும் நின்றுபோனது.

மகள் அவனை வழியனுப்ப வெளியே போனாள். இவர் எழும்பி, அவன் குடித்த கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைவாளியில் போட்டார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"துணி வெளுக்கிற ஆக்கள். அவன்ர வாயாலயே கேட்டனீர்தானே?"

ஒரு இங்கிலீஷ் பெயருக்குள்ளும் இந்த மனுசனுக்குச் சாதி அகப்பட்டுவிட்டதே! லண்டனுக்கு அகதியாக வந்த புதிதில் ஆஸ்பத்திரி லாண்டரியில் அழுக்கு விரிப்புகளைத் துவைத்தவர் இவர். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"நீங்களும் லாண்டரியில நிண்டனீங்கள்தானே?"

"அது வேலை. இது பிறப்பு."

திரும்பிப் பார்த்தால் மகள் கதவடியில் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை.

"அப்பா, எனக்கு பேபி பிறந்தா அதுக்கும் அந்த சர்நேம்தான் வரும். அது குடிச்ச கப்பையும் குப்பை பின்னுக்குள்ளதான் போடுவீங்களோ?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? இவர் யோசித்துக்கொண்டிருந்தார்.