நான் பார்க்காத விண்கல்

1. வேலை முடிந்து, மாலை ஏழே முக்காலுக்குப் பினாங்குப் பாலத்தின் நெரிசலில் நின்றிருந்தோம்.
2. பச்சை ஒளியோடு ஒரு விண்கல் கடலுக்கு மேலே எரிந்து, இரண்டாக உடைந்து மறைந்தது.
3. காரில் என் பக்கத்தில் இருந்த தோழி, "பாத்தியா?" என்று கத்தினாள்.
4. "இல்லை" என்றேன்.

இந்தப் பொய் எனக்குப் பழையது. முதல்முறை சொன்னபோது எனக்குப் பத்து வயது, தங்கை மாலாவுக்கு எட்டு. தைப்பூசத்துக்கு அப்பா காவடி எடுப்பதால் வீடே விரதத்தில் இருந்தது. மாலா முதல் தடவையாகப் பால்குடம் எடுக்கவிருந்தாள். ஒரு சாயங்காலம், லோரோங் என்று நாங்கள் சொல்லும் பின்சந்தில் அவளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, நான் பொரித்த கோழி தின்றேன். அப்போதுதான் கூரைகளுக்கு மேலே ஒரு நெருப்புப் பந்து பறந்தது. பயத்தில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மாலா வீட்டுக்கு ஓடினாள். "அப்பா, வானத்துல நெருப்பு பறந்துச்சு! அக்காவும் பாத்துச்சு, பின்னாடி லோரோங்குல!"

"விரத நேரத்துல அங்க என்ன வேலை?"

மாலா கோழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன்பா. சும்மா புளுகுறா லா."

விரதத்தில் பொய் சொன்னவளுக்குப் பால்குடம் கிடையாது என்றார் அப்பா. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் அவளுடைய குடத்தை நான் சுமந்தேன். அவள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள்.

இன்று பாலம் தாண்டி வீடு வந்ததும் மாலாவுக்குப் போன் செய்தேன்.

"அன்னிக்கு நானும் பாத்தேன், மாலா."

"தெரியும் லா அக்கா. என் சட்டையில உன் எண்ணெய்க் கை அப்படியே இருந்துச்சு. அம்மா பாக்குறதுக்குள்ள நான்தான் துவைச்சேன்."

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.