சுறாவுக்குக் காவல்

மாலை ஐந்தரை ஆகிவிட்டால் வாஷிங்மெஷின் மெக்கானிக் கடையில் ஒரு நிமிஷம்கூடத் தங்கமாட்டார். பாதி கழற்றிய மோட்டார் மேஜையில் கிடக்க, "நாளைக்கு வாங்க, வீட்ல அவசரம்" என்று ஷட்டரை இழுத்துவிடுவார். அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்கிறீர்களா? சுறா!

சிரிக்காதீர்கள். மகளுடைய கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. நடுக்கடலில் நாலு பலகை சேர்த்த தெப்பம், அதைச் சுற்றி ஒரு சுறா. அசந்தால் ஒரு பலகை காலி.

மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது, "போனா அப்படியே போயிடு" என்று கத்தியவர் இவர்தான். அவளும் அப்பனுக்குத் தப்பாத பெண். ஏழு மாசமாக ஒரு போன் கிடையாது. அவள் போன மறுவாரம் தூசி தட்டப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். விட்டுப்போன தெப்பம் திரையில் வந்தது. கண்ணெதிரே சுறா ஒரு மூலையைப் பிய்த்தது. மனுஷன் பதறிப்போனார். ஐயோ, பகலெல்லாம் ஆளில்லாமல் கிடக்கிறதே! அவளுடைய தெப்பமாவது முழுசாக இருந்தால் அவள் என்றாவது வருவாள் என்று ஒரு நம்பிக்கை. அன்றிலிருந்து தினமும் காவல். மிதந்து வரும் கட்டைகளைக் கொக்கி போட்டு இழுப்பார், பலகை அடிப்பார். ஆமை போனால் ரசிப்பார். திமிங்கிலம் வந்தால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்.

நேற்று மாலை அவர் காவலில் உட்கார்ந்திருந்தபோது மகள் வந்தாள், கம்ப்யூட்டரை எடுத்துப்போக. உள்ளே வந்தவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தெப்பம் வீட்டுக் கூடமளவு விரிந்து கிடந்தது.

"இவ்வளவும் யாரு கட்டினது?"

"நான்தான். அது தின்னத் தின்னப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"அப்பா, யாரும் ஆடலேன்னா அந்தக் கடலே நின்னுடும். சுறா அசையாது. நீங்க உள்ள போறதாலதான் அது கடிக்குது."

மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான் சும்மா இருந்திருந்தாலே போதுமா?"

"போதும்."

"அது எப்படிம்மா முடியும்? உன்னை வாய்க்கு வந்தபடி பேசி விரட்டிட்டேன். இதையாவது காப்பாத்த வேணாமா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சமையலறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து போட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா. அந்தப் பக்கம் நான் பார்த்துக்கறேன்."