பாஸ்வேர்டு மிட்டாய்

பம்மலில் என் மகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த அக்கா, கழுத்தில் எப்போதும் ஒரு பென்டிரைவை மாட்டியிருப்பார். வகுப்பு வாசலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தேன்மிட்டாயை நீட்டி, "கண்ணு, உன் பாஸ்வேர்டு இன்னா?" என்று கேட்பார். ஒரு பிள்ளையும் சொல்லாது, மிட்டாயும் வாங்காது. ஆனாலும் மிட்டாய் டப்பா வாராவாரம் காலியானது.

ஒருநாள் மகளை அழைத்துவரப் போனேன்.

"சார், உங்க போன் ஸ்லோவா கீதாமே, பாப்பா சொல்லிச்சு. பாஸ்வேர்டு சொல்லுங்க, பாத்துத் தரேன்."

உதவி செய்கிறாரே என்று நினைத்து பாஸ்வேர்டைச் சொன்னேன். மகளின் பெயர், பிறந்த வருடம்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. என் கையில் ஒரு மிட்டாயை வைத்து, "உள்ள போய் உக்காருங்க சார்" என்றார்.

கடைசி பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு அப்பாக்கள் மிட்டாய் மென்றுகொண்டிருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.